ஏழாம் கேள்வி

படிவம் நான்கு பக்கம்.
தேதி. குழுவின் பெயர்.
உறுப்பினர் நாற்பத்தொருவர், அதில் பெண்கள் முப்பத்தாறு.
செயலாளர் ம்பித்தே, அதாவது நான்.
அதுவரை பேனா தடுக்கவில்லை.

மூன்றாம் கேள்வி:
கட்டிய அணையில் எவ்வளவு நீர் நிற்கிறது?
படம் இணைக்கவும்.

நீர் நிற்கவில்லை, ஐயா.
எங்கள் அணையில் நிற்பது மணல்.
கிடுயி வெயில் நின்ற நீரைக் கண்டால்
நாக்கை நீட்டிக்கொண்டு வரும்.
அதனால் தண்ணீரை மணலுக்குள் ஒளித்துவைக்கிறோம்,
கணவன் கண்ணில் படாமல்
மாவுப் பானைக்குள் காசு வைப்பதைப் போல.
மார்ச்சில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை
ஆறு ஓடிவந்து
தன் மணலைச் சுவருக்குப் பின்னால் இறக்கிவிட்டுப் போகும்.
மூன்று ஆண்டில் தலைவரை நிறைந்தது.
படத்தில் பார்த்தால் பாலை.

போன முறை வந்த உங்கள் அதிகாரியும்
பூட்ஸ் புதைய நின்று கேட்டார்:
"அப்படியானால் இது தோல்விதானே?"
சியோகாவு வாய் திறக்கவில்லை.
அவர் காலடியிலேயே குந்தி
உடைந்த சுரைக்குடுக்கையால் பறித்தாள்.
ஈரம் வந்தது,
கலங்கல் வந்தது,
கொஞ்ச நேரத்தில் அவர் முகமே வந்தது.
குடிக்கத்தான் தயங்கினார்.

ஐந்து: உள்ளூர்ப் பங்களிப்பு, பண மதிப்பில்.
சிமெண்ட் அறுநூறு மூட்டை, அது நீங்கள் தந்தது.
கல் சுமந்த நாள் நூற்றுப் பன்னிரண்டு, அது எங்களுடையது.
ஏழு மாத வயிற்றோடு ந்திந்தா தூக்கிய கல்லுக்கு
என்ன விலை போடுவது?
பிறந்த பையனை இவியா என்றே கூப்பிடுகிறோம்.
எங்கள் மொழியில் கல்.

ஏழு: சந்தித்த சவால்கள்.
ஐம்பது சொற்களுக்குள்.

ஜூலையில் லாரி வந்தது.
நைரோபியில் மாடிமேல் மாடி ஏறுகிறது,
ஒவ்வொரு மாடிக்கும் ஓர் ஆற்றின் வயிறு தேவைப்படுகிறது.
மூன்று இரவில் பதினொரு லோடு.
நான்காம் இரவு, விளக்கில்லாமல் போய்
மணல்மேல் உட்கார்ந்தோம்.
பாடவில்லை. கோஷம் போடவில்லை.
மசியோகாவின் இருமல் மட்டும்.

லாரியின் வெளிச்சம் எங்கள்மேல் விழுந்தது.
மண்வெட்டியோடு குதித்தவர்களில்
மூன்றாவது ஆள் கிமாந்தி,
எங்கள் பொருளாளர் கட்டுங்கேயின் மகன்.

யாரும் கட்டுங்கேயைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை
என்று அன்றுதான் தெரிந்தது.

அவள் எழுந்தாள்.
இடுப்பிலிருந்து கணக்குப் புத்தகத்தை உருவி
அந்த லாரி வெளிச்சத்திலேயே விரித்தாள்.
"நீ ஏற்றியது எத்தனை லோடு?"
"ரெண்டு."
"கூலி?"
"லோடுக்கு நானூறு."
"அதில்தானே தங்கச்சிக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டினாய்?"
அவன் பேசவில்லை.
எழுதினாள்:
கிமாந்தி, கடன், மணல், இரண்டு லோடு.
கீழே இன்னொரு வரி:
கட்டுங்கே, அந்த பீஸ் பணத்தை
எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கியவள்,
அபராதம் ஐம்பது.

அந்த ஐம்பது வரவில் சேர்ந்துவிட்டது.
ரசீது இணைத்திருக்கிறேன்.
மணல் கடன் பாக்கி நிற்கிறது,
அதை ஆறுதான் திருப்பித் தரவேண்டும்,
இரண்டு மழையாகும்.
கிமாந்தி இப்போது கூட்டத்துக்கு வருகிறான்,
கடைசி வரிசையில், கதவோரம்.
மன்னித்தோமா என்று கேட்காதீர்கள்,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐம்பது சொல் எப்போதோ தாண்டிவிட்டது.
ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு: அடுத்த ஆண்டுத் திட்டம்.
அன்றிரவு லாரி காலியாகத் திரும்பவில்லை, ஐயா.
விளக்கு வளைந்து வளைந்து
கீழாற்றுப் பக்கம் இறங்கியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.
சந்தோஷமாகக்கூட இருந்தது,
அதையும் எழுதிவிடுகிறேன்.
அங்கே சுவர் இல்லை, குழுவும் இல்லை.
திங்கட்கிழமை நடந்து போகிறோம்,
ஒன்பது பேர்.
அங்கிருக்கும் பெண்களின் பெயர்கள்
இன்னும் எங்களுக்குத் தெரியாது.

இணைப்பு: படம் ஒன்று.
அதில் இருப்பது ஒரு குழி.