காரண எண் ஏழு

ஜெபல் அலி. பதினோராம் கிடங்கு. இரவு ஷிப்ட்.
வாங்கியவர்கள் வேண்டாமென்றதெல்லாம்
என் மேசைக்கு வரும்:
ஒற்றைக்கால் ஷூ,
ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக் கழற்றிய கோட்டு.
போன மாதம் ஒரு புத்தகம்.
வேலை இனி என்னவாகும் என்று முந்நூற்று எண்பது பக்கம்.
திருப்பிய காரணம், எண் ஏழு:
எதிர்பார்த்தது போல் இல்லை.

ஒரு பொருளுக்கு நாற்பது விநாடி.
நாற்பத்தொன்றில் மணிக்கட்டு ஸ்கேனர் அதிரும்.
உடைந்த சாமான் பெட்டியில் ஒளித்து வைத்து
தேநீருக்கு நாலு பக்கம், கழிவறைக்கு இரண்டு என்று
டிப்ளமா இங்கிலீஷில் தடவித் தடவிப் படித்தேன்.

முதல் அத்தியாயம் பரவாயில்லை.
தறி வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள் என்கிறார்.
பயந்தவர்கள் அப்புறம் எங்கே போனார்கள்?
அடிக்குறிப்புகூட இல்லை.

மூன்றாவது, 'நாம்' என்று தொடங்குகிறது.
நாம் வேலையில் அர்த்தம் தேடுகிறோமாம்.
நான் தேடியது விசா.

ஆறாவதில் மனிதர் என்னைப் பிடித்துவிட்டார்.
கண்காணிக்கப்படுகிறவன்
கொஞ்ச நாளில் தன்னைத் தானே கண்காணிப்பான் என்று ஒரு வரி.
ஸ்கேனர் சார்ஜில் கிடந்த அன்றைக்கும்
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்:
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

தில் பகதூரிடம் சொன்னேன்,
ரோபோ வந்து நமக்கெல்லாம் ஓய்வு தரப்போகிறதாம்.
பி வரிசையைப் பார்த்தான்.
அலமாரி சுமந்து ஓடும் ஆரஞ்சுத் தட்டுகள்;
அவற்றுக்குச் சூடு ஆகாதென்று அங்கே மட்டும் ஏசி.
"ஓய்வு சம்பளத்தோடா?" என்றான்.
தேடினேன். இருந்தது, பதினைந்து பக்கம்.
சம்பளத்தோடுதான் என்கிறார்.
எந்த நாட்டுக் குடிமக்களுக்கு என்கிற இடத்தில்
எழுத்து பொடியாகிவிடுகிறது.

பதினோராம் இரவு மேரிசெல் வந்து நின்றாள்.
கணக்கில் ஒரு பொருள் நகராமல் கிடக்கிறது, உன்னிடமா?
எடுத்துக் கொடுத்தேன்.
தரம் நீயே போடு என்றாள்:
புதியது, புதியது போல, பயன்படுத்தியது.

இருநூற்றுப் பதினாலாம் பக்க ஓரத்தில்
என் பென்சில், தமிழில், ஒரே சொல்:
யாருக்கு?
அழித்தால் புதியது போல.
ரப்பர் இருந்தது, பக்கத்திலேயே.

பயன்படுத்தியது என்று அழுத்தினேன்.
விலை பாதியாக இறங்கியது.
மணிக்கட்டு அதிர்ந்தது.

இனி வாங்குகிறவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம்.
ஏதோ கிறுக்கல் என்று திருப்பி அனுப்புவார்,
அதற்குக் காரண எண் நான்கு.
வரட்டும்.
ஒன்பதாவது அத்தியாயம் இன்னும் பாக்கி.