சிவப்புக் கோட்டுக்குக் கீழே

வெள்ளவத்தையில் ஏழு இருபத்திரண்டுக்கு ஏறினால்
கோட்டைக்குள் ஒன்றரை வரிசை.
இருக்கை கிடைத்தால்.
கிடைக்காத நாள்களில்
நூலுருண்டை சாப்பாட்டுப் பெட்டியோடு
பையின் அடியில் கிடந்து
பருப்பு மணக்கப் பழகும்.

கம்பளி, இந்த ஊரில்.
மின்விசிறி நின்றால் மூச்சும் நிற்கிற ஊரில்.
புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
நீலத்தில் ஐந்து உருண்டையைப் பொதிந்தபடி
கடைக்காரர் கேட்டார்:
"நுவரெலியாவுக்கா, கனடாவுக்கா?"
"தெரியேல்லை" என்றேன்.
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணித் தந்தார்.

அது மாசி.
இப்போது ஐப்பசி, பின்னேரம் தவறாமல் மழை.
வந்திருப்பது
ஒரு சாணும் நாலு விரலும்.

வீட்டில் இதற்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள்.
அலுமாரிக்கு மேலே ஒரு தாள்,
எதிர்மாடியின் தண்ணீர்த் தாங்கிகள்.
பதினாறில் ஒன்பதுக்கு மூடி கீறியாயிற்று.
அதற்குள் அவர்கள் இரண்டைக் கழற்றிவிட்டார்கள்.
கீறியது கீறியதுதான்.
பிறகு அந்தக் கொப்பி.
மூன்றாம் அத்தியாயத்தில் பரஞ்சோதி என்கிறவர்
கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்,
இரண்டு வருஷமாய்.
முந்தாநாள் இரவு அவருக்கு ஒரு குடை கொடுத்தேன்.
ஒரு வரி.
படுக்கப் போய்விட்டேன்.

புரட்டாதியில் ஒரு கண்ணி தவறியது.
எங்கே என்று தெரியாது, கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட இருக்கலாம்.
கண்ணில் பட்டது பதினொரு வரிசை தாண்டியபிறகு.
பக்கத்தில் இருந்தவள்,
மடியில் எக்ஸ்ரே உறை வைத்திருந்தவள்,
சிங்களத்தில் சொன்னாள்:
விடுங்கோ, ஆருக்குத் தெரியப் போகுது.
எனக்குத் தெரியுமே என்பதற்கு
அந்த மொழியில் என்னிடம் வினைச்சொல் இருக்கவில்லை.
ஊசியை உருவினேன்.

மூன்று கிழமை வேலை.
பம்பாய் மிட்டாயைப் போல் கரைந்தது.
அவள் என் கையைப் பிடிக்கப் பார்த்தாள்.
பிறகு ஒன்றும் கேட்காமல்
நூலின் நுனியை எடுத்துத்
தன் சுட்டுவிரலில் சுற்றத் தொடங்கினாள்.
கோட்டை வரும்வரைக்கும் சுற்றினாள்.
உறைக்குள் யாருடைய எலும்பு என்று
நானும் கேட்கவில்லை.

பிரித்த நூல் நேராவதில்லை.
வளைந்த வளைவெல்லாம் அதற்கு ஞாபகம்.
அன்றிரவு கேத்தில் ஆவியில் பிடித்தேன்;
முக்கால்வாசி நிமிர்ந்தது.
மிச்சத்தை அப்படியே பின்னிவிட்டேன்.
தடவினால் ஓரிடத்தில்
நீலம் கொஞ்சம் நெளியும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று
கணக்குப் பிரிவு அஜந்தன் தெம்பு சொன்னான்.
எறும்பு கல்லைத் தேய்க்கவா போனது?
அதற்குச் சீனி இருக்கிற பக்கம் தெரியும்.
தேய்ந்தது கல்லின் பாடு.

எங்கள் பேச்சில்
மெதுவாய் என்பதற்கு ஆறுதலாய் என்போம்.
ஆறுதலாய் வாங்கோ. ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ.
நாற்பத்திரண்டு வருஷம் சொன்ன சொல்.
அதற்குள் இன்னொரு சொல் இருந்ததை
ஊசி கையில் வந்தபிறகுதான்
என் காது கேட்டது.

இன்று பம்பலப்பிட்டியில் சமிக்ஞை விழவில்லை.
இருபது நிமிஷம்.
பெட்டி முழுக்கப் போனில் ஏசிக்கொண்டிருந்தது.
ஒரு பையன் இறங்கித் தண்டவாளத்தில் நடந்தான்.
கடல் பாறையில் மோதியது, திரும்பிப் போனது,
அதற்கும் எங்கேயும் பிந்தவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது
வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.
கோட்டுக்குக் கீழே, முதல் ஆளாய்,
ஆறுதலாய் என் பெயரை எழுதினேன்.
பைக்குள் ஒரு சாணும் நாலு விரலும்,
இன்னும் மூன்று வரிசையும்.