கேட்கவில்லை

எனக்குக் கேட்கவில்லை.
முதல் சண்டை அதில்தான்.

மரமறுக்கும் ஆலையில் பத்தொன்பது வருடம்.
கீச்சென்ற எதுவும் இப்போது என் காதுக்குள் வராது.
கெட்டில் விசிலடிப்பதை
மூடி நடுங்குவதை வைத்துத் தெரிந்துகொள்பவன்.

திரைக்குள் ஒரு கொசு இருக்கிறது என்றாள் விர்வே.
கொசுவாவது எங்கேயாவது உட்காரும், இது உட்காராது.
பிறகு சொன்னாள்: பக்கத்து அறையில் பல்வைத்தியர்
யாரோ ஒருவருடைய பல்லைக் குடைகிறார்,
அந்த ஆளுக்குப் பல் தீர்வதேயில்லை.

டார்ட்டுவில் பிப்ரவரி. எமயோகி ஆறு உறைந்து கிடந்தது.
ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி, நடுவே பஞ்சு.
அதை மூடி மறைக்க
வெளியிலிருந்து ஒரு சத்தமும் வராது.

அவள் வேலையே கேட்பது.
போன மே மாதம் சதுப்பில் கட்டிவைத்த ஒலிப்பெட்டிகள்
பிடித்துவைத்த இரவுகளை மணி மணியாகக் கேட்டு
இது ஆந்தை, இது தவளை, இது லாரி என்று
பெயரெழுதிக் கொடுப்பது.
இருபத்தேழு அங்குலத் திரை, ரீகாவில் ஒருவனிடம்
பாதி விலைக்கு வாங்கியது.
திரைக்கு எதற்கு விசிறி என்று அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும்.
கேட்கவில்லை.

வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள்.
சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிவைத்தாள்.
பின்னால் சால்வை போர்த்தினாள்:
சூடேறி, முன்னைவிட உரக்கக் கத்தியதாம்.
தயாரித்தவர்களுக்கு எழுதினாள்.
இந்த அளவு ஒலி இயல்பானதே என்று பதில் வந்தது.
இரண்டு நாள் பாத்திரம் கழுவும்போதெல்லாம்
இயல்பு, இயல்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கழற்றினேன்.
நான்கு திருகாணி. பிறகு விளிம்பு முழுக்கக் கொக்கிகள்.
நூலக அட்டையைச் செருகி நெம்பினால்
ஒவ்வொன்றும் டக்கென்று விட்டுக்கொடுத்தது.
அது எனக்குக் கேட்டது.
உள்ளே, உள்ளங்கையில் பாதி அளவு விசிறி.
இறக்கைகளில் ஆரஞ்சு நிறப் பூனைமுடி.
எங்களிடம் பூனை கிடையாது.

முடியை எடுத்தேன். தையல் எண்ணெய் ஒரு சொட்டு.
ஓடவிட்டு அச்சின்மேல் விரல்நுனியை வைத்தேன்.
எறும்பு ஊர்வதுபோல ஒரு நடுக்கம்.
இப்போது?
இருக்கிறது, கால்யு.
சிவப்புக் கம்பியை வெட்டி
நடுவில் ஒரு மின்தடை பற்றவைத்தேன்.
இப்போது?
அவள் முகம்தான் எனக்கு மீட்டர்.
நெற்றிச் சுருக்கம் உடனே போகவில்லை.
கூரைப்பனி சரிவதற்கு முன்
கொஞ்சம் யோசிக்குமே, அப்படி நின்று,
பிறகு போனது.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு
ஹெட்போனோடு இருந்தவள் ஐயோ என்றாள்.

ஆற்றோரப் புதர்களில் ஒரு கதிர்க்குருவி உண்டு.
மூச்சுவிடாமல், பூச்சி மாதிரி, நெடுநேரம் ஒரே இழை.
இந்த மாதம் பதினான்கு இடத்தில் அதன் பெயரை எழுதியிருக்கிறாள்.
திறந்த வகை ஹெட்போன், அறையின் சத்தமும் உள்ளே வரும்.
வரைபடத்தில் கோடு இல்லாதபோது
மங்கல் என்று நினைத்துக் காதை நம்பியிருக்கிறாள்.
எந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டிருந்தாளோ
அதையே பறவை என்று.

ஒவ்வொன்றாக அழித்தாள்.
நான் பின்னால் நின்று எண்ணினேன்.
பதின்மூன்று போயின.
அடுத்ததை அழிக்கவில்லை. திரும்ப ஓட்டினாள். இன்னொரு முறை.
வரைபடத்தின் மேற்பகுதியில் மெல்லிய கோடு,
கூர்சீவிய பென்சிலால் இழுத்த மாதிரி.

இது நிஜம் என்று எழுந்தாள்,
ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.
மறந்துவிட்டாள்.

தூரத்தில் ஒரு தவளை கேட்டது எனக்கு.
தலையாட்டினேன்.

திரையின் முதுகு வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது.
கையை அங்கேயே வைத்திருந்தேன்.