ஆறில் நான்கு

"என் குவேக்கு அம்மை போட்டிருக்கு"
என்று மலாயில் சொல்லி
லேபிளை மேசையில் வைத்தார் சியூ ஹொங்.
பார்த்தேன்.
குவே லாப்பிஸின் மூன்றாம் அடுக்கு,
சிவக்கலாமா வேண்டாமா என்று
பாதியில் நின்றுவிட்ட அந்த நிறம்
புள்ளி புள்ளியாய்க் கிடந்தது,
தயிரில் யாரோ மிளகாய்த்தூள் கொட்டியதுபோல.

இயந்திரத்தில் மை ஆறு:
கறுப்பு, மஞ்சள், சயான், மெஜந்தா,
பிறகு வெளிர் சயான், வெளிர் மெஜந்தா.
சுங்கை டுவாவில் மூடிய ஸ்டூடியோ ஏலத்தில்
நானூறு வெள்ளிக்கு எடுத்தது.
செய்த கம்பெனி இதைக் கைகழுவிப் பல வருஷம்.
யாரோ சும்மா எழுதிக் கொடுத்த டிரைவரில்தான் ஓடுகிறது;
அதற்கு நான்கு வரைதான் எண்ணத் தெரியும்.

வெளிர் இரண்டும் வேலையில்லாமல் நின்றன.
ஆனால் திங்கள்தோறும் முனை கழுவும்போது
அவையும் சேர்ந்து வடிந்தன.
ஒரு தாளைக்கூடத் தொடாமல்
பாதி தீர்ந்திருந்தன.
பயான் லெப்பாஸில் பதினேழு வருஷம்
சர்க்யூட் பலகை சோதித்துவிட்டு
ஒரு வெள்ளிக்கிழமை அட்டையைத் திருப்பிக் கொடுத்தவள் நான்.
இது எனக்குச் சட்டென்று புரிந்தது.

கடை சாத்தியபின் நிரலைத் திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேலே
பதினோரு வருஷத்துக்கு முந்தைய குறிப்பு:
'வெளிர் மைகள் சோதிக்கப்படவில்லை.
என்னிடம் இந்த இயந்திரம் இல்லை.'
கீழே ஒரு பெயர்.
வாய்க்குள் நுழையவில்லை, அவ்வளவு மெய்யெழுத்து.

என்னிடம் இருக்கிறது, ஐயா.

நான்கை ஆறாக்கினேன்.
முதல் தாளில் லாப்பிஸ் நீலம்,
புலுட் தாய் தாய் ரோஜா.
சேனல் என்றால் வாய்க்கால்தானே,
மடை மாற்றித் திறந்துவிட்டிருக்கிறேன்.
அடுத்ததில் மை ஊறிக் காகிதம் அலையடித்தது.
வெளிர் எங்கே ஓய வேண்டும்,
அடர் எங்கே எழ வேண்டும்,
அந்தக் கைமாறும் இடத்தை
தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தில்
தேடிக்கொண்டிருந்தேன்.
ஒன்பதாம் தாளில் அழத் தோன்றியது.
பத்தில் மைலோ கலக்கிக் குடித்தேன்.
பதினான்காம் தாள் வெளிவரும்போது
கீழே லெபோ பசாரில் பூக்கடையின் இரும்புக்கதவு
கடகடவென ஏறியது.
கை மாறிய இடம்
எனக்கே தெரியவில்லை.

பழைய குறிப்பை அழிக்க மனம் வரவில்லை.
இல்லை என்பதை இத்தனை ஒழுங்காக எழுதிவைத்தவர்.
அடியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்:
'சோதித்தேன். ஆறும் ஓடுகின்றன.
லோகசுந்தரி, பினாங்கு.'

காலையில் சியூ ஹொங்
லேபிளை வெளிச்சத்தில் பிடித்தார்.
ரோஜா சரி என்று தலையாட்டினார்.
"நீலம் ஒரு சொட்டு அதிகம்.
நான் இவ்வளவு சங்குப்பூ போடுறதில்ல."
டப்பாவைத் திறந்து
ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்தார்.
உண்மைதான்.
அவர் போனதும்
ஆதாரத்தைத் தின்றுவிட்டு
மறுபடி உட்கார்ந்தேன்,
இருநூற்றுப் பன்னிரண்டில்.