தயவுசெய்து தவிர்க்கவும்

ஒசாகாவுக்குத் தெற்கே சகாய் நகரில்
டிராம் வளையும் முனையில்
இத்சுவேயின் அச்சுக்கூடம்.
பெயர்ப்பலகை, ஒட்டுவில்லை, அறிவிப்புத் தகடு.
இருபது ஆண்டில் அவள் அதிகம் அச்சடித்த சொல்
என்ரியோ.

இரண்டே எழுத்து.
முதலாவது தூரம்,
அடுத்தது எண்ணிப் பார்த்தல்.
தூரத்தை எண்ணுவதா
தூர நின்று எண்ணுவதா
அவள் கேட்டுக்கொண்டதில்லை.
தகடு ஒன்று நானூறு யென்.

கைப்பேசியில் பேசுவதை என்ரியோ செய்யுங்கள்:
இது பேருந்துக்கு.
நாயோடு நுழைவதை: கோயில் தோட்டத்துக்கு.
சென்ட் பூசி வருவதை: பல் டாக்டருக்கு.
கூடாது என்று எழுதினால் முகத்திலடித்த மாதிரி.
இது அப்படியில்லை.
நீங்களாகவே கூசி நிறுத்திக்கொண்டீர்கள் என்று
உங்களையே நம்பவைத்துவிடும்.

தமிழில் இதற்கு என்ன என்று துழாவினேன்.
கூச்சம் என்றால் உடம்பு நெளிகிறது.
தயக்கம் என்றால் கால் நின்றுவிடுகிறது.
அடக்கம் என்றால் யாரோ பாராட்ட வந்துவிடுகிறார்கள்;
போதாக்குறைக்கு
புதைப்பதற்கும் அதே சொல்.
பந்தியில் "போதும் போதும்" என்று
இலைக்கு மேல் விரிக்கிறோமே ஒரு கை,
பசியை மூடிக்கொண்டு,
ஏறக்குறைய அதுதான்.

வியாழன்தோறும் வேலை முடிந்து
எதிர்க்கடையில் மூவர்:
இத்சுவே,
வெட்டு இயந்திரத்து ஹிசாமிச்சி,
வண்டியோட்டும் தெருமாசா.
ஆக்டோபஸ் உருண்டை ஒரு தட்டுக்குப் பத்து.
ஆளுக்கு மூன்று போக
மிஞ்சிய ஒன்றின் தலையில்
மீன்சீவல் ஆடி ஆடி ஓயும்.
"நீங்க எடுங்க."
"ஐயோ, நான் நிறைய சாப்பிட்டாச்சு."
அதற்கும் அந்த ஊரில் பெயருண்டு:
என்ரியோக் கட்டி.
மூன்று பேர் விழுங்கிய ஆசை
திரண்டு ஆறிக் கிடக்கும்,
கடைக்காரர் தட்டை எடுக்கும்வரை.

மார்ச் மாதம், மழை.
குடையை வெளியிலேயே மடக்கி வைத்துவிட்டு
குசுமோத்தோ வீட்டம்மா வந்தாள்.
கணவர், செவ்வாய் இரவு.
வாசலுக்கு ஒரு அறிவிப்பு வேண்டும்.
இத்சுவே வழக்கமான வாசகத்தைத் திரையில் திறந்தாள்:
மலரும் காணிக்கையும் நேரில் வருவதும்
அன்போடு என்ரியோ.

அம்மாள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.
"நாற்பத்தொரு வருஷம்" என்றாள்.
"இன்னொரு கரண்டி சோறு
வாய்விட்டுக் கேட்டதில்லை.
வலிக்கிறதா என்றால், டாக்டரிடம், கொஞ்சம் என்பார்.
கடைசி வாரமும் கொஞ்சம்தான்.
போன பிறகும் வாசலில் இந்தச் சொல்லா?"

இத்சுவே சொல்லை அழிக்கவில்லை.
வாலை மட்டும் மாற்றினாள்.
என்ரியோ நகு.
தயங்காமல் வாருங்கள் என்று ஆகிவிட்டது.
நகு என்றால் அங்கே, இன்றி.
அதே ஓசைக்கு இன்னொரு பொருள், அழு.
தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால்
சிரி என்கிறது.
இந்த மூன்றாவது எனக்கு மட்டும் தெரியும்;
அன்று அந்தக் கடையில் அதற்கு வேலையில்லை.

அம்மாள் ஒருமுறை வாசித்தாள், இன்றி என்று.
மறுமுறை எப்படி வாசித்தாளோ,
காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.
சத்தமாக,
மூக்கு ஒழுக,
கைக்குட்டையைத் தேடாமல்.

ஹிசாமிச்சி திரும்பிப் பார்க்கவில்லை.
தாள் தீர்ந்துபோயிருந்த இயந்திரத்தை
நிறுத்தாமல் ஓடவிட்டான்,
வெறும் காற்றை வெட்டிக்கொண்டு
கடகடவென்று,
தெருவுக்கு எதுவும் கேட்காதபடி.

போகும்போது எவ்வளவு என்றாள்.
வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.
நானூறு என்றாள் இத்சுவே,
மீதியை எண்ணிக் கொடுத்தாள்.
வாங்காவிட்டால்
அந்தச் சுமையையும் அவளல்லவா
மழையில் தூக்கிப் போகவேண்டும்.

வியாழன் வந்தது. தட்டில் ஒன்று.
யாரையும் கேட்காமல் இத்சுவே குச்சியைக் குத்தி
வாயில் போட்டுக்கொண்டாள்.
தெருமாசா இருமினான்.
நன்றாக ஆறிப்போயிருந்தது.
உள்ளே துண்டு பெரியதுதான்.
அதை மட்டும் அவள் சொல்லவில்லை.