கூரை பார்க்கும் ஞாயிறு

நான் பொருளாளர் ஆனபோது சங்கத்தின் சொத்து:
இரண்டு இருக்கை விமானம் ஒன்று,
அதைவிட மூத்த டிராக்டர் ஒன்று,
காற்றின் திசை காட்டும் துணிக்குழல், பாதி கிழிந்தது,
பதினோரு உறுப்பினர்கள்,
அதில் சந்தா கட்டுபவர் நால்வர்.
கடனை இங்கே எழுதவில்லை.
அதற்குத் தனி நோட்டு.

சான் லிபோரியோ,
உருகுவே வரைபடத்தில்
மடிப்பு விழுந்து அழிந்துபோகும் இடம்.
ஒரு சதுக்கம், ஒரு வங்கி, ஒரு கம்பளிக் கிடங்கு.
மீதியெல்லாம் புல்,
புல்லுக்கு மேலே வேண்டிய அளவு வானம்.

வானம் இருந்தென்ன,
ஏற ஆள் வேண்டாமா?
'பறக்கக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று ஒட்டினோம்.
மழைதான் வந்து படித்தது.
ஆட்டிறைச்சி சுட்டு விற்றோம்.
ஊரே வந்தது, தின்றது,
அண்ணாந்துகூடப் பார்க்காமல் போனது.

நிபியாதான்
(எங்கள் பயிற்சியாளர்,
வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்)
மாத்தேயை உறிஞ்சியபடி சொன்னாள்:
"இவர்களுக்கு வானம் எதற்கு, மிர்த்தா?
அவரவர் வீட்டைக் காட்டு."

மறுநாள் வேறு சுவரொட்டி:
'உங்கள் கூரையை மேலிருந்து பாருங்கள்.
பதினைந்து நிமிடம். ஞாயிறு மட்டும்.'

முதலில் வந்தவர் கசாப்புக்கடை எல்பியோ.
இறங்கி வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "தகரம் முழுக்கத் துரு" என்றார்,
டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவர் போல.

அந்தத் தகரத்துக்கு வண்ணமடித்த டார்தோ
எங்கே விட்டுப்போனது என்று பார்க்க ஏறினான்.
விட்டுப்போனது தெரிந்தது.
உறுப்பினர் ஆனான்.

பெட்டியோலி வீட்டு அம்மாள்
பக்கத்து வேலி இரண்டு மீட்டர் நகர்ந்திருப்பதைக் கண்டாள்.
பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த ஞாயிறே ஏறி
நகரவேயில்லை என்று கண்டார்.
வழக்கு நடக்கிறது.
இரு தரப்பு வக்கீல்களும் இப்போது உறுப்பினர்கள்,
ஆண்டுச் சந்தா முன்பணமாக.

ரொட்டிக்கடை ஸுல்மா
மூன்று முறை சுற்றச் சொன்னாளாம்.
"நான் இல்லாமலும் புகை வருகிறதே"
என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவள்
செவ்வாய்க்கிழமை வந்து
பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள்.

புல்வெட்டும் செலவு: இல்லை,
எட்செவெரியின் ஆடுகள் பார்த்துக்கொள்கின்றன.
ஆடுகளை ஓடுபாதையிலிருந்து விரட்டும் செலவு:
நான்.

இன்ஜினுக்கு ஓர் எண் உண்டு.
இரண்டாயிரம் மணி நேரம் ஓடிவிட்டால்
பிரித்துப் போட்டு மறுபடி பூட்ட வேண்டும்,
ஒரு வீட்டு விலை.
பதினோரு பேராய் இருந்தபோது
அது இனிப் பிறக்கப்போகும் யாரோ ஒருவரின் கவலை.
நாற்பத்தாறு பேரானதும்
அடுத்த குளிர்காலத்துக்கு அடுத்த குளிர்காலம்.

"வளர்ந்தோம் என்றால்
தேய்ந்தோம் என்றுதான் அர்த்தம்"
என்று பொதுக்குழுவில் சொன்னேன்.
கைதட்டினார்கள்.
கவிதை என்று நினைத்துவிட்டார்கள்.
நான் சொன்னது பறக்கும் ஒவ்வொரு மணிக்கும்
தனியே எடுத்துவைக்க வேண்டிய
ஆயிரத்து நானூறு பேசோவைப் பற்றி.
இரண்டாம் முறை எண்களோடு சொன்னேன்.
அப்போது கைதட்டல் இல்லை;
தீர்மானம் நிறைவேறியது,
மூன்று ஓட்டு வித்தியாசத்தில்.

மார்ச் மாதம் ஸுல்மா
தனியாக ஒரு சுற்றுப் போய் இறங்கினாள்.
வழக்கப்படி தலையில் ஒரு வாளி தண்ணீர்.
சொட்டச் சொட்ட நேரே என் மேசைக்கு வந்து,
"மிர்த்தா, நம் கொட்டகைக் கூரையில்
மூன்று தகரம் இல்லை" என்றாள்.

இத்தனை ஞாயிறும்
எல்லோரும் அவரவர் கூரையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரியும், ஸுல்மா.
அந்த ஓட்டையின் வெளிச்சத்தில்தான்
கணக்கு எழுதுகிறேன்.
மின்கட்டணம் பார், எவ்வளவு குறைவு.

ஆனாலும் சாயங்காலம்
டார்தோவுக்குப் போன் போட்டேன்.
மூன்று தகரம் என்ன விலை,
உறுப்பினருக்கு உறுப்பினர்
ஏதாவது தள்ளுபடி உண்டா என்று.