சுமைக்கோடு

பகலில் நான் இரும்பை வதைக்கிறேன்.
காரைக்குடியில்,
கடல் மீனாக மட்டும் வந்து சேரும் ஊரில்,
உப்புப் பனி நிரப்பிய பெட்டிக்குள் தகடுகளைச் சாய்த்து வைத்து
எந்தப் பூச்சு எத்தனை மணியில் தோற்றது என்று
பதிவேட்டில் குறிப்பது என் வேலை.
முந்நூற்று இருபது: ஓரத்தில் கொப்புளம்.
நானூறு: கீறலில் செங்கசிவு.
சம்பளம் இதற்கு.

இரவில், ரசப் பாத்திரத்தை நகர்த்திவிட்டால்,
மேசையில் ஒரு கப்பல்.
இருநூறில் ஒன்று. தொண்ணூறு சென்டிமீட்டர்.
தேவகோட்டை இருதயராஜ் கேட்டது;
பதினோரு வருடம் அதில் போசனாக இருந்தவர்.
முன்பணமும் நாற்பத்தேழு படங்களும் அனுப்பியிருந்தார்.
படங்களில் பெரும்பாலும் சமையல்காரர்தான் தெரிந்தார்,
பின்னால் கொஞ்சம் கப்பல்.

மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.
ஓடினால் தெருச் செம்மண் வந்து
ஈரப் பெயின்ட்டில் உட்காரும்.
மூக்கு நுனியில் வியர்வை தொங்க,
மூன்று முடி மட்டும் விட்டுக் கத்தரித்த தூரிகையால்
முகப்பில் ஆழ எண்களை எழுதினேன்.
ஒவ்வோர் எண்ணும் கடுகில் மூன்றில் ஒரு பங்கு.
ஆறு. எட்டு. பத்து.
எட்டுக்கு மட்டும் இரண்டு மூச்சு வேண்டும்,
இடுப்பில் நிறுத்தி ஒருமுறை விட்டு.

நடு உடலில் வட்டம், குறுக்கே கோடு,
பக்கத்தில் ஏணிபோலச் சிறு கோடுகள்:
கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று,
வெப்பக் கடலுக்கு, நன்னீருக்கு.
இவ்வளவுதான் தாங்குவேன், இதற்கு மேல் ஏற்றாதே
என்று தன் விலாவிலேயே எழுதி வைத்துக்கொண்டு
துறைமுகம் துறைமுகமாகப் போகிறது.
எதிர்வீட்டு உமையாள் லென்ஸ் வழியே பார்த்துவிட்டு
"எனக்கும் ஒண்ணு வரைஞ்சு விடேன்,
மாமியார் கண்ணுல படுற மாதிரி" என்றாள்.

பிறகு துரு.
அதில் எனக்குக் கர்வம் உண்டு.
தோற்ற தகடுகளிலிருந்து சுரண்டி, சலித்து,
பவுடர் டப்பாவில் சேர்த்த அசல் துரு.
நங்கூரத் துளையின் கீழே
குழந்தையின் மூக்கு ஒழுகிய தடமாக,
வடிகால் வாய்களில் வெற்றிலை எச்சிலாக,
ஏணி உரசும் இடத்தில் வெறும் சொறியாக.
துருவே பிடிக்காத பிளாஸ்டிக்கை
ஒரே வாரத்தில் இருபது வருடம் கிழமாக்கினேன்.
படம் எடுத்து அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் பதில் இல்லை.
பிறகு குரல் வந்தது:
"ரொம்ப நல்லாருக்கும்மா. ஆனா துரு வேண்டாம்.
பதினோரு வருசம் சுத்தியல வச்சு
அதைத்தான் தட்டிக்கிட்டுக் கிடந்தேன்.
முன்னால தட்டி முடிச்சுப் பின்னால போறதுக்குள்ள
முன்னால பூத்திருக்கும்.
ஒருநாள்கூட அதை முழுசாச் சுத்தமாப் பாத்ததில்ல."

அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை.
டப்பாவைத் திறந்தேன். மூடினேன்.
மறுநாள் அசல் துருவின் மேல்
இரண்டு பூச்சுக் கறுப்பு.
எண்கள் போயின, வட்டம் போயிற்று,
எல்லாம் முதலிலிருந்து.
எழுதும்போதுதான் தெரிந்தது:
இரண்டு பக்கமும் ஏணி முகப்பைப் பார்க்க வேண்டும்;
முதல் தடவை இடப்பக்கத்து ஏணி
வால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
திருத்தினேன். அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ்ஸில் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்தார்.
கொடிமரம், படகுகள், நான் ஒரு இரவு முழுக்கச் செய்த
சங்கிலிக் கண்ணிகள், எதையும் பார்க்கவில்லை.
முகப்பில் எட்டு என்ற எண்ணுக்குச் சற்று மேலே
விரித்த உள்ளங்கையைப் படுக்கையாகப் பிடித்தார்.
"பாதிச் சரக்கு ஏத்துனா
இங்க நிக்கும்."
கை ஆடவே இல்லை.
மேசைக்கு மேலே கொஞ்ச நேரம்
தண்ணீர் இருந்தது.

மீதிப் பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
பழைய சேலை சுற்றிப் பெட்டியில் வைத்து
வண்டியின் முன்னால் கட்டினோம்.
ரஸ்தா தாண்டும்வரை ரோடு குண்டும் குழியும்,
மெதுவாகப் போங்கள் என்றேன்.
"இதைவிட மோசமா ஆடியிருக்கு" என்று
கிளப்பிக்கொண்டு போனார்.